காதல் காமெடியில் சிரிக்க வைக்க வேண்டியது காதலர்களா, கூட வரும் நண்பனா?

பழைய பிரிண்ட்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம், இங்கே பேசினால் சரியாக இருக்கும் என்று தோன்றியது. ரொமான்டிக் காமெடி என்று போஸ்டரில் போட்டு வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை எனக்கு ஒட்டாமல் போவதற்கு ஒரே காரணம்தான். காதல் தனியாக ஓடுகிறது, காமெடி தனியாக ஓடுகிறது. ஹீரோவும் ஹீரோயினும் சந்திக்கும்போது மழை, புல்லாங்குழல், ஸ்லோ மோஷன். அதே ஹீரோ டீக்கடையில் நண்பனோடு உட்கார்ந்தால் நிமிஷத்துக்கு நாலு கவுன்ட்டர். சிரிப்பெல்லாம் நண்பன் கணக்கில் போய்விடுகிறது, காதலியிடம் வரும்போது ஆள் திடீரென்று சீரியஸாகிவிடுகிறான். இந்த இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டால் ஒரு நாளாவது சேர்ந்து சிரிப்பார்களா என்ற சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் இவர்கள் சேர்ந்தால் என்ன, பிரிந்தால் என்ன?

என் கட்சி இதுதான்: காதலர்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்வதிலிருந்தே சிரிப்பு வர வேண்டும். 'மிஸ்ஸியம்மா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1955, எல்.வி. பிரசாத். ஜமீன்தார் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் தேவை, ஆனால் கணவன் மனைவியாகத்தான் வர வேண்டும். ஜெமினி கணேசனுக்கு வேலை இல்லை, சாவித்திரிக்குக் கடன்காரன் தொல்லை. அவர் இந்து, இவர் கிறிஸ்தவப் பெண். சம்பளத்துக்காகத் தம்பதி என்று பொய் சொல்லிப் போகிறார்கள். இதற்கு மேல் தனியாக ஜோக் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஊரே அவர்களைத் தம்பதியாக நடத்த நடத்த சாவித்திரிக்குக் கோபம் ஏறுகிறது, ஜெமினி சமாளிக்கிறார், நமக்குச் சிரிப்பு வருகிறது.

'வாராயோ வெண்ணிலாவே' பாட்டைக் கவனித்துப் பாருங்கள். வேறு படமாக இருந்தால் அந்த நிலா வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் வர்ணித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அவர் இவரைப் பற்றியும் இவர் அவரைப் பற்றியும் நிலாவிடம் புகார் சொல்கிறார்கள்! ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் அத்தனை இனிமையாகப் பாடுவது முழுக்க முழுக்கக் குறைதான். இவர் மேல் இவ்வளவு குறை சொல்ல இவரை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும் என்று நமக்கு உறைக்கிற இடத்தில் காதல் தொடங்கிவிடுகிறது, அவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மாட்னி ஷோ:

அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன், மீதியை மறுக்கிறேன். காமெடி நடிகரைத் தனியாக வைத்தால் படம் உடைந்துவிடும் என்றால் 'காதலிக்க நேரமில்லை' எப்படி அறுபது வருஷம் தாண்டி நிற்கிறது? 1964ல் ஸ்ரீதர் இயக்கியது, சித்ராலயா கோபுவோடு சேர்ந்து எழுதியது. அந்தப் படத்தில் பிடித்த காட்சி எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ரவிச்சந்திரன், ராஜஸ்ரீ என்றோ முத்துராமன், காஞ்சனா என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி என்றுதான் பதில் வரும். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா! கையில் காசு கிடையாது, சினிமா எடுக்க அப்பாவிடம் பணம் பெயர்க்க வேண்டும், அதற்காகக் கதை சொல்கிறேன் என்று உட்கார வைத்துப் பின்னணிச் சத்தத்தையும் வாயாலேயே போட்டு அந்த மனிதரை உலுக்கி எடுக்கிறார். அதில் காதலர்கள் எங்கே இருக்கிறார்கள்? எங்கேயும் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியை வெட்டிவிட்டு அந்தப் படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. காமெடி நடிகர்கள் இல்லாமல் தமிழ் சினிமாவில் காதல் படம் இல்லை, அவர்களைக் குறைவாகப் பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பழைய பிரிண்ட்:

தம்பி, நாகேஷை யாரும் குறைவாகப் பேசவில்லை. ஆனால் செல்லப்பா யார்? பக்கத்துத் தெரு நண்பன் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை. அவன் எந்த அப்பாவிடம் பணம் கேட்டு மல்லுக்கட்டுகிறானோ அதே அப்பாதான் காதலுக்கும் குறுக்கே நிற்கிறார். அந்த அப்பா விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்குப் பணக்கார மாப்பிள்ளை வேண்டும். அவர் எஸ்டேட்டில் வேலை போனவன் ரவிச்சந்திரன். வாசலிலேயே கூடாரம் போட்டு 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாடிப் போராட்டம் நடத்துகிறான், அப்புறம் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறான், அந்தச் சிதம்பரமாக முத்துராமன் தாடி மீசையோடு வந்து நிற்க வேண்டியதாகிறது, வந்து பார்த்தால் தன்னுடைய காஞ்சனாவும் இதே வீட்டுப் பெண்தான்! நாகேஷின் சினிமாக் கனவு, ரவிச்சந்திரனின் பொய், முத்துராமனின் ஒட்டுத்தாடி எல்லாமே பாலையாவின் பண ஆசையைச் சுற்றித்தான். அதனால்தான் பேய்க்கதை வரும்போது கதை நின்ற மாதிரியே தெரிவதில்லை. நான் எதிர்ப்பது வேறு. காமெடிக்கென்று தனியாக ஒருவர் எழுதி, தனியாகப் படமாக்கி, எந்தப் படத்தில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற மாதிரி பத்து நிமிஷத் துண்டுகள். சிரிக்க முடியும், தனியாக டிவியில் போட்டால் இன்னும் நன்றாகவே இருக்கும். காதல் கதைக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

திண்டுக்கல் ரசிகை:

நாகேஷா பாலையாவா என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், கதாநாயகியைப் பற்றி ஒரு வரி வரவில்லையே. என்னைப் பொறுத்தவரை ஒரு காதல் காமெடி தேறுமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும். இந்த ஹீரோ அவள் வாழ்க்கையில் வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம், நாளைக் காலை அவளுக்குச் செய்வதற்கு என்ன வேலை இருக்கிறது? மிஸ்ஸியம்மா மேரிக்கு இருக்கிறது. கடனை அடைக்க வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும், அதற்காகத்தான் இந்த நாடகத்துக்கே சம்மதிக்கிறாள். அதனால் அவள் கோபத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. நடுவில் வந்த எத்தனையோ படங்களில் கதாநாயகிக்கு அப்படி ஒன்றுமே கிடையாது. ஐஸ்கிரீம் சாப்பிடுவாள், குழந்தைகளோடு விளையாடுவாள், மழை வந்தால் நனைவாள். அவளைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒருவன் தினமும் பின்தொடர்வதை நகைச்சுவை என்று சொல்லிப் பின்னணி இசையும் போடுவார்கள். நிஜத்தில் அப்படி ஒருவன் பின்னால் வந்த பெண்ணுக்குத் தெரியும், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று. அவளால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாத படத்தில், கடைசியில் 'சரி' என்று சொல்வதற்கு என்ன மதிப்பு?

'திருச்சிற்றம்பலம்' எனக்குப் பிடித்தது இதனால்தான். 2022ல் வந்தது, மித்ரன் ஜவஹர் இயக்கியது. நித்யா மேனன் நடித்த ஷோபனா அந்த வீட்டுக்குள் சாதாரணமாக வந்து போகிறாள், தாத்தா பாரதிராஜாவைக் கிண்டல் செய்கிறாள், தனுஷ் வேறு வேறு பெண்களிடம் மனதைப் பறிகொடுக்கும்போதெல்லாம் யோசனை சொல்கிறாள். அவனைவிட வேகமாக அவளுக்கு நகைச்சுவை வருகிறது. ஹீரோவின் நண்பன் என்று ஒரு காமெடி நடிகர் செய்யும் வேலையைக் கதாநாயகியே செய்துவிடுகிறாள், பழைய பிரிண்ட் கேட்பதும் அதைத்தானே? நித்யா மேனனுக்கு அந்தப் படத்துக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தபோது, அழுது புரளாத, சிரிக்க வைக்கிற ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

எடிட் டேபிள்:

நான் படத்தொகுப்பில் உதவியாளராக இருக்கிறேன், அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாட்னி ஷோ சொன்ன பேய்க்கதைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். நாகேஷ் ஓயாமல் இயங்குகிறார், ஆனால் நம் கண் பாலையா முகத்தில்தான் நிற்கும். முதலில் பெரிய மனுஷத்தனமாக உட்கார்ந்திருக்கிறார், போகப்போக அந்த முகத்தில் பயம் ஏறுகிறது, மகன் முன்னால் பயந்ததைக் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. சிரிப்பு கேட்பவர் முகத்தில் இருக்கிறது. காதல் காட்சிக்கும் இதேதான். அவன் ஏதோ உளறும்போது அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அது காதலாகவும் நகைச்சுவையாகவும் ஒரே நேரத்தில் நடக்கும். எங்களிடம் வரும் ஃபுட்டேஜில் பெரும்பாலும் அவனுக்கு ஒரு க்ளோஸப், அவளுக்கு ஒரு க்ளோஸப், தனித்தனியாக எடுத்தது. வசனம் பேசுகிறவர் மேல் கட் பண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில், இடுப்புக்கு மேல் தெரிகிற மாதிரி, ஒரு நிமிஷம் வெட்டாமல் ஓடும் ஷாட் ஒன்று கிடைத்தால் போதும், அதைத் தொடவே மனசு வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் குரல். இங்கே பெரும்பாலான படங்கள் படப்பிடிப்பில் பேசியதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, பின்னால் டப்பிங் தியேட்டரில் மறுபடி பேச வைக்கிறார்கள். சோக வசனத்துக்கும் சண்டை வசனத்துக்கும் அது பெரிதாகத் தெரியாது. நகைச்சுவைக்கு உடனே தெரிந்துவிடும். அதிலும் கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது என்றால், கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வசனம் எடுத்துக் கொடுப்பார், அவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். எதிரில் நிற்பவர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை, பிராம்ப்ட்டைக் கேட்டுச் சொல்கிறார். அந்த அரை நொடித் தாமதம் முகத்தில் பதிந்துவிடுகிறது. அப்புறம் வேறொரு பெண் வந்து அந்த வாயசைவுக்குள் தன் குரலைப் பொருத்துகிறார். எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் எதிராளி பேசி முடிப்பதற்குள் குறுக்கே பாய்வது, பேச ஆரம்பித்துச் சிரிப்பு வந்து பாதியில் விடுவது, மூச்சு வாங்குவது இதையெல்லாம் எப்படிப் பிடிப்பார்? சண்டை போடும் காதலர்கள் வரிசை போட்டா பேசுவார்கள்? ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டித்தானே பேசுவார்கள். அது டிராக்கில் இல்லாவிட்டால் மேஜையில் உட்கார்ந்து நான் என்ன வெட்டினாலும் வராது. நித்யா மேனன் தன் குரலிலேயே தமிழ் பேசுகிறார், 'குட் நைட்' மணிகண்டன் டப்பிங் கலைஞராக இருந்து வந்தவர். இவர்கள் பேசும்போது சிரிப்பு சரியான இடத்தில் விழுவது தற்செயல் இல்லை என்பது என் நம்பிக்கை.

கடைசி பெஞ்ச்:

எடிட் டேபிள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றி. 'குட் நைட்' பேர் வந்ததால் நானும் சொல்லிவிடுகிறேன். 2023ல் வந்த படம், விநாயக் சந்திரசேகரன் இயக்கியது. வில்லன் கிடையாது, சாதியைச் சொல்லி மறுக்கும் அப்பா கிடையாது, ஹீரோவுக்குக் குறட்டை. அவ்வளவுதான்! இதை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எப்படி ஓட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். முதலில் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம், மோட்டார் மோகன் என்று கூப்பிடுகிறார்கள், சரி. கல்யாணத்துக்கு அப்புறம் அதே குறட்டை மனைவியின் தூக்கத்தைக் கெடுக்கிறது, அவள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள், அவனுக்குத் தூங்கவே பயமாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்குக் கடுமையான குறட்டை, விசேஷத்துக்கு எல்லோரும் கூடினால் அவர் பாயை எடுத்துக்கொண்டு தானாகவே மொட்டை மாடிக்குப் போய்விடுவார். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். படம் பார்த்த பிறகு அவர் ஏன் யாரும் சொல்லாமலே போகிறார் என்று யோசிக்கத் தோன்றியது.

தடை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, அந்த இரண்டு பேருக்குள்ளேயே இருக்க வேண்டும், அதுதான் என் பாயிண்ட். 'லவ் டுடே' 2022ல் அதைத்தான் செய்தது. பெண்ணின் அப்பா சத்யராஜ் காதலை எதிர்த்துக் கத்தவில்லை, ஆள் வைத்து அடிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேரும் போனை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறமும் இஷ்டம் இருந்தால் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்கிறார். அதற்குப் பின் நடக்கும் எல்லாவற்றையும் காதலர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள். யோகி பாபுவைக்கூடக் கவனியுங்கள். ஹீரோவின் அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை, போனை யாரிடமும் தர மாட்டேன் என்கிறார், நமக்கெல்லாம் சந்தேகம். கடைசியில் பார்த்தால் அதில் இருப்பது அவருடைய தோற்றத்தைக் கேலி செய்யும் பேச்சுகள். காமெடி நடிகருக்குக் கொடுத்த பகுதியும் போனுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்ற அதே கேள்விக்குள்தான் இருக்கிறது. மாட்னி ஷோ, இதைவிட மரியாதை ஒரு காமெடி நடிகருக்கு என்ன வேண்டும்?

மாட்னி ஷோ:

யோகி பாபு விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் பழைய பிரிண்ட் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மிஸ்ஸியம்மாவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறீர்களே, அதன் முடிவு? இந்து, கிறிஸ்தவர் என்ற உண்மையான தடையை வைத்துக் கதையை நடத்திவிட்டு, மேரி உண்மையில் ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் என்று சொல்லித் தடையையே காணாமல் போக வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, எதையும் தாண்டவில்லை. இன்றைக்கு யாராவது அப்படி முடித்தால் சும்மா விடுவோமா?

பழைய பிரிண்ட்:

கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் திருப்பம் எனக்கும் உவப்பில்லை, மதத்தைத் தாண்டிச் சேர்ந்தார்கள் என்று காட்ட 1955ல் துணியவில்லை, அது அந்தக் காலத்துப் பயம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அந்த உண்மை தெரிய வருவதற்கு முன்பே மேரியின் மனது மாறிவிட்டது. ஜமீன்தாரின் இன்னொரு மகளாக வரும் ஜமுனாவுக்கு ஜெமினி பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துச் சாவித்திரிக்குப் பொறாமை வரும் காட்சிகளில் அது நடந்து முடிந்துவிடுகிறது. போலி மனைவிக்கு நிஜப் பொறாமை! என் கணவர் இல்லை என்று சொல்லவும் முடியாது, பொய் வெளிப்பட்டுவிடும், பொறுத்துக்கொள்ளவும் முடியாது. சாவித்திரி அந்த எரிச்சலைக் கண்ணிலும் உதட்டிலும் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறாரே, அதைப் பார்க்கும்போது நாம் சிரிக்கிறோம், அவள் பக்கமும் சேர்ந்துவிடுகிறோம். அந்த வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் பானுமதி. அவரும் பிரமாதமாகச் செய்திருப்பார், ஆனால் அவர் கோபப்பட்டால் உண்மையிலேயே பயமாக இருக்கும். சாவித்திரி கோபப்படும்போது உள்ளே வேறொன்று இருப்பது தெரிகிறது.

ஒரே கூரைக்குக் கீழே, தொடாத தூரத்தில் இரண்டு பேரை வைப்பது எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் வித்தை. 1934ல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'டில் பணக்காரப் பெண்ணும் பத்திரிகைக்காரனும் ஒரே அறையில் தங்க நேர்கிறது, இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்க விடுகிறான் கிளார்க் கேபிள். அங்கேயும் விசாரிக்க ஆள் வரும்போது புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை போட்டுத்தான் தப்பிக்கிறார்கள். படம், இயக்கம், திரைக்கதை, நடிகர், நடிகை என்று முக்கியமான ஐந்து ஆஸ்கரையும் அள்ளிய படம் அது, அழ வைக்கிற படமில்லை.

மாட்னி ஷோ:

சரி, இப்போது என் பங்குக்கு உங்கள் கட்சியை நானே பலப்படுத்துகிறேன். 'இன்று போய் நாளை வா', 1981, பாக்யராஜ். மூன்று நண்பர்கள், எதிர்வீட்டுக்கு வந்த ராதிகாவை மூன்று பேருக்கும் பிடித்துவிடுகிறது. காமெடிக்கென்று தனியாக யாருமே வேண்டாம், காதலிப்பவர்களே கோமாளிகள். பெண்ணை நெருங்க முடியாது என்றதும் ஒவ்வொருவனும் அந்த வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறான். ஒருவன் அவள் அப்பாவிடம் இந்தி படிக்கப் போகிறான். தமிழ்நாட்டில், எண்பதுகளின் தொடக்கத்தில், காதலுக்காக இந்தி! 'ஏக் காவ் மே ஏக் கிசான்' வரை எப்படியோ வந்துவிடுவான், அதற்கு மேல் 'ரஹ்தா தா' என்று வர வேண்டிய இடத்தில் 'ரகு தாத்தா'தான். வாத்தியார் திருத்துவார், இவன் அதே உறுதியோடு மறுபடியும் ரகு தாத்தா என்பான். அந்த வாத்தியார் முகத்தை எடிட் டேபிள் சொன்ன மாதிரி பார்த்தேன், முழுக் காட்சியும் அவர் பொறுமை கரைவதில்தான் இருக்கிறது. 2013ல் 'கண்ணா லட்டு தின்ன ஆசையா' என்று திரும்ப எடுத்தார்கள், அதில் சந்தானம், பவர் ஸ்டார் இரண்டு பேரையும் காதலிப்பவர்களாகவே வைத்ததால்தான் அதுவும் ஓடியது.

திண்டுக்கல் ரசிகை:

மூன்று பேர் ஒரு பெண்ணைச் சுற்றுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், ஆனால் அதில் அடிபடுவது முழுக்க அவர்கள்தான் என்பதால் பார்க்க முடிகிறது, ராதிகா பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். 2025 பொங்கலுக்கு அதே 'காதலிக்க நேரமில்லை' என்ற பெயரில் கிருத்திகா உதயநிதி ஒரு படம் எடுத்தாரே. நித்யா மேனனுக்குக் குழந்தை வேண்டும், அதற்காக ஒரு ஆணுக்குக் காத்திருக்க மாட்டேன் என்று தானம் பெற்ற விந்தணு மூலம் சிகிச்சைக்குப் போகிறாள். ரவி மோகனுக்குக் குழந்தையே வேண்டாம். 1964 படத்தில் மகள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் எல்லாமே அப்பாவைச் சுற்றி நடக்கிறது, இங்கே ஒரு பெண் கல்யாணத்தையே தாண்டி முடிவெடுக்கிறாள், அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இருப்பது அவர்களுடைய விருப்பம் மட்டும்தான். படம் நெடுக ஒரே சீராகச் சிரிக்க வைத்தது என்று சொல்ல மாட்டேன், இரண்டாம் பாதி தொய்வுதான். ஆனாலும் இந்தத் தலைப்பில் பேசும்போது விட்டுவிடக் கூடாத படம். எடிட் டேபிள், அதில் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் பேசும் காட்சிகளை நீங்கள் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும், எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அந்த ஷாட்களா, நித்யா மேனனின் குரலா என்று தெரிந்துகொள்ள ஆசை.

எடிட் டேபிள்:

இந்த வாரக் கடைசியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சத்தத்தோடு ஒருமுறை, சத்தம் இல்லாமல் ஒருமுறை.